கோச்சை எடைபோடும் முன் கோல்கீப்பரைக் கழித்துவிடுங்கள்

கேள்வி: வட அமெரிக்காவின் என்எச்எல் ஐஸ் ஹாக்கி லீகில் கோர்சி, எக்ஸ்ஜி, பிடிஓ என்று என்னென்னவோ எண்கள் புழங்குகின்றன. இவற்றை வைத்து ஓர் அணி உண்மையிலேயே நன்றாக ஆடுகிறதா, அதன் கோச் கெட்டிக்காரரா என்று கண்டுபிடிக்க முடியுமா?

அணியைப் பற்றி ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். கோச்சைப் பற்றியும் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் கோல்கீப்பர் செய்ததையும் அதிர்ஷ்டம் செய்ததையும் அவர் கணக்கிலிருந்து கழித்தாக வேண்டும். அந்தக் கழித்தலைச் செய்யாமலே விருது கொடுப்பதும் வேலையைப் பறிப்பதும் அந்த லீகில் சர்வ சாதாரணம்.

2015 ஏப்ரல் 9 அன்று கால்கரியில் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வந்திருந்தது லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ். 2012இலும் 2014இலும் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணி. அந்த சீசனில் ஷாட் முயற்சிகளின் பங்கில், அதாவது இரு அணிகளும் கோலை நோக்கி அடித்தவற்றில் தன்னுடையது எவ்வளவு என்பதில், லீகிலேயே முதலிடம். கால்கரி ஃபிளேம்ஸ் அதே பட்டியலில் அடிமட்டத்தில் கிடந்தது. ஃபிளேம்ஸ் 3-1 என்று ஜெயித்து, கோப்பைக்காக சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃபுக்குப் போனது, நடப்புச் சாம்பியன் வெளியேறியது. சீசன் முடிவில் ஃபிளேம்ஸ் 97 புள்ளி, கிங்ஸ் 95 (ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளி). ஃபிளேம்ஸ் கோச் பாப் ஹார்ட்லிக்கு அந்த ஆண்டின் சிறந்த கோச்சுக்கான ஜாக் ஆடம்ஸ் விருதும் கிடைத்தது.

இதோடு நிறுத்தினால் எண்களெல்லாம் வெறும் கதை என்றுதான் தோன்றும். அடுத்த சீசனையும் பார்த்துவிடுவோம். கிங்ஸ் 102 புள்ளி எடுத்தது. ஃபிளேம்ஸ் 77க்குச் சரிந்தது, 2016 மே மாதம் ஹார்ட்லிக்கு வேலை போனது. பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரு மனிதர் கோச்சிங்கை மறந்துவிட்டாரா என்ன? அவர் அணியின் ஆட்டம் முந்தைய ஆண்டைவிட மோசமாகவில்லை. முதல் ஆண்டில் சதவீதங்கள் (எத்தனை ஷாட் கோலாகிறது, எத்தனை தடுக்கப்படுகிறது என்பவை) அவர் பக்கம் இருந்தன. இரண்டாம் ஆண்டில் கோல்கீப்பர்கள் லீகிலேயே மோசமானவர்கள் வரிசையில் போய் நின்றார்கள்.

சரி, இந்த எண்கள் என்ன அளக்கின்றன? ஜிம் கோர்சி என்பவர் பஃபலோ சேபர்ஸ் அணியில் கோல்கீப்பர்களுக்குக் கோச்சாக இருந்தவர். ஒரு கோல்கீப்பர் ஆட்டத்தில் எவ்வளவு உழைக்கிறார் என்று அறிய, கோலுக்கு நேராக வந்த ஷாட்டோடு, விலகிப் போனதையும் வழியில் யாராவது தடுத்ததையும் சேர்த்தே எண்ணினார். எந்த முயற்சியாக இருந்தாலும் கோல்கீப்பர் உடம்பைத் தயார்செய்துதான் ஆக வேண்டும். பிற்பாடு கணக்குப் பைத்தியம் பிடித்த ரசிகர்கள் சிலர் இதையே இரண்டு அணிக்கும் போட்டு, மொத்த முயற்சிகளில் நம் அணியின் பங்கு எத்தனை சதவீதம் என்று பார்த்தார்கள். பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வில்லை) பெரும்பாலும் யாரிடம் இருக்கிறது, எந்தப் பாதியில் ஆட்டம் நடக்கிறது என்பதை அந்தப் பங்கு நன்றாகக் காட்டியது. அதுதான் கோர்சி. தடுக்கப்பட்ட ஷாட்டுகளை விட்டுவிட்டு எண்ணினால் ஃபென்விக். 2015இல் லீகே இவற்றை வேறு பெயர்களில் தன் தளத்தில் போட ஆரம்பித்தது.

கோலை விட்டுவிட்டு முயற்சியை ஏன் எண்ண வேண்டும் என்றால், கோல் அபூர்வம். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று கோல் அடிக்கும். இரண்டு அணிகளின் முயற்சிகளோ நூறைத் தாண்டும். 20 ஆட்டம் முடிந்த நிலையில், அடுத்த 20 எப்படிப் போகும் என்று சொல்ல கோல் கணக்கைவிட முயற்சிக் கணக்கு நம்பகமாக இருப்பதற்குக் காரணம் இந்த எண்ணிக்கை மட்டுமே, வேறு மந்திரம் இல்லை.

எக்ஸ்ஜி, அதாவது எதிர்பார்க்கப்படும் கோல், இதற்கு அடுத்த படி. கோலுக்குத் தொலைவில் உள்ள நீலக்கோட்டுப் பக்கமிருந்து டிஃபென்ஸ்மேன் அடிப்பதும், கோல்கீப்பர் காலடியில் விழுந்த ரீபவுண்டைத் தட்டிவிடுவதும் கோர்சியில் தலா ஒன்று. எக்ஸ்ஜி, தூரம், கோணம், ஷாட் வகை, ரீபவுண்டா இல்லையா என்பதைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் கோலாகும் வாய்ப்பைப் போடுகிறது. ஷாட்டுக்கு முன்னால் பக் குறுக்கே பாஸ் ஆனதா, கோல்கீப்பரின் பார்வையை யாராவது மறைத்து நின்றார்களா என்பது பொதுவில் கிடைக்கும் தரவில் பெரும்பாலும் இல்லை. பழைய தரவில் இன்னொரு தொல்லையும் உண்டு: ஷாட் எங்கிருந்து வந்தது என்று குறிப்பது அரங்கத்து ஆட்கள். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தூரத்தைக் குறைத்தே குறித்துவந்தார்கள் என்பது இந்த வட்டாரத்தில் பிரசித்தம். இவ்வளவு குறை இருந்தும் நான் முதலில் பார்ப்பது எக்ஸ்ஜிதான், கோர்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அப்புறம் பிடிஓ. பெயருக்கு விரிவாக்கம் தேட வேண்டாம், ஒரு ரசிகரின் இணையப் புனைபெயர் அது. கோல்கீப்பர் போக ஐவருக்கு ஐவர் ஆடும்போது அணியின் ஷூட்டிங் சதவீதத்தையும் (அடித்த ஷாட்டில் கோலானது) சேவ் சதவீதத்தையும் (வந்த ஷாட்டில் கோல்கீப்பர் தடுத்தது) கூட்டினால் வருவது. லீக் முழுவதற்கும் சராசரி 100. ஓர் அணி 102இல் இருந்தால் அதன் மதிப்பு என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டத்துக்கு ஐவருக்கு ஐவரில் சுமார் 24 ஷாட் என்று வைத்தால் சீசனின் 82 ஆட்டத்துக்கு ஏறத்தாழ 2000. எதிரணிக்கும் அதே அளவு. ஒரு சதவீதம் என்பது 20 கோல், இரண்டு சதவீதம் 40 கோல். சுமார் 6 கோல் வித்தியாசம் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது பழகிய கணக்கு. ஆக, ஆறேழு வெற்றி, 13 புள்ளி. பிளேஆஃபுக்குப் போகும் அணிக்கும் வீட்டில் உட்காரும் அணிக்கும் நடுவில் பல சமயம் அவ்வளவு இடைவெளி கூட இருக்காது.

கொலராடோ அவலாஞ்ச் இதற்குப் பாடம்போல அமைந்தது. 30 அணிகளில் 29ஆவதாக முடித்த அணியை 2013இல் பேட்ரிக் ராய் எடுத்துக்கொண்டு, முதல் சீசனிலேயே 112 புள்ளி எடுத்துக் காட்டினார். ஜாக் ஆடம்ஸ் விருதும் அவருக்கே. ஆனால் ஷாட் முயற்சியில் அணியின் பங்கு 50க்கு நன்றாகக் கீழே. தூக்கிப் பிடித்தவர் கோல்கீப்பர் செமியோன் வர்லமோவ், 92.7 சதவீத சேவ். அடுத்த சீசன் 90 புள்ளி, பிளேஆஃப் இல்லை.

அதற்காக ராய் மோசமான கோச் என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். 2014 பிளேஆஃபில் மினசோட்டாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 4-3 என்று பின்தங்கியிருந்தபோது, மூன்று நிமிடம் போல மிச்சமிருக்கும்போதே கோல்கீப்பரை வெளியே இழுத்து ஆறாவது ஆட்டக்காரரை இறக்கினார். கடைசி நிமிடம்வரை காத்திருப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். பால் ஸ்டாஸ்ட்னி 13 விநாடி மிச்சமிருக்கச் சமன் செய்து, ஓவர்டைமில் ஜெயிக்கவும் வைத்தார். ஆட்டம் ஜெயித்ததால் இதைச் சொல்லவில்லை. 4-3 தோல்வியும் 5-3 தோல்வியும் பட்டியலில் ஒன்றுதான்; வெற்று கோலில் இன்னொன்று வாங்கினால் இழப்பது ஒன்றுமில்லை, ஒன்று அடித்தால் ஆட்டமே திரும்பும். ஆகவே சீக்கிரம் இழுப்பதே கணக்குப்படி சரி, இன்று பெரும்பாலான கோச்சுகள் அப்படித்தான் செய்கிறார்கள். பக் தன்னிடம் இல்லாத ஆட்டத்தை ஆடவைத்த அதே மனிதர், ஒரு முடிவில் மற்றவர்களைவிட முன்னால் இருந்தார். கோச்சுக்கு ஒற்றை எண் கிடையாது என்று நான் சொல்வது இதனால்தான். (அந்தத் தொடரை ஏழாவது ஆட்டத்தில் மினசோட்டா வென்றது.)

அந்த மினசோட்டாவின் கோச் மைக் இயோவின் கதையும் இங்கே பொருந்தும். 2011-12இல் அவருடைய அணி 30 ஆட்டம் முடிவில் 43 புள்ளியோடு லீகின் உச்சியில் இருந்தது. ஷாட் முயற்சியில் கடைசி வரிசை. இது நிற்காது என்று எண்களைப் பார்ப்பவர்கள் அப்போதே சொன்னார்கள். மிச்சம் 52 ஆட்டத்தில் 38 புள்ளிதான், பிளேஆஃப் இல்லை. ஏழு ஆண்டு கழித்து, 2018 நவம்பரில், செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் 7-9-3 (வெற்றி, தோல்வி, ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோல்வி) என்று தடுமாறியபோது இயோ நீக்கப்பட்டார். கிரெய்க் பெரூபே வந்தார். உடனே எல்லாம் மாறியது என்றுதான் இப்போது சொல்லிக்கொள்கிறார்கள். மாறவில்லை. 2019 ஜனவரி 3 காலையில் ப்ளூஸ் 31 அணிகளில் கடைசி. ஜனவரி 7 அன்று ஜோர்டன் பின்னிங்டன் முதல்முறையாகத் தொடக்க கோல்கீப்பராக இறங்கி 3-0 என்று ஜெயித்துக் கொடுத்தார். சீசனை 92.7 சதவீத சேவோடு முடித்தார். ஜூனில் கோப்பை. இதில் பெரூபேயின் பங்கு எவ்வளவு? அந்த இரண்டாம் பாதியில் எதிரணிக்குக் கொடுத்த வாய்ப்புகளும் குறைந்திருந்தன, அது கோல்கீப்பரால் வருவதல்ல. அதனால் அவருக்குக் கணிசமான பங்கு உண்டு என்பேன். ஆனால் பழைய கோல்கீப்பிங்கே நீடித்திருந்தால் அவர் பெயரை இன்று யாரும் எடுக்க மாட்டார்கள்.

கோச் மாற்றம் என்றாலே இந்தச் சிக்கல் வந்துவிடும். யாரை நீக்குகிறார்கள்? தொடர்ந்து தோற்பவரை. தொடர் தோல்வியில் அதிர்ஷ்டக் குறைவும் கொஞ்சம் கலந்திருக்கும், அது தானாகவே சராசரிக்குத் திரும்பும், பெயர் புதியவருக்குப் போகும். பாஸ்டன் 2017 பிப்ரவரியில் கிளாட் ஜூலியனை நீக்கியபோது அணி ஷாட் முயற்சியில் லீகின் முன்வரிசையில் இருந்தது. பக்தான் உள்ளே போகவில்லை. புரூஸ் காசிடி வந்தார், 18-8-1. காசிடி நல்ல கோச் என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. ஆனால் அந்த 27 ஆட்டம் அதற்குச் சாட்சியல்ல, அது வரவேண்டிய பாக்கி வந்து சேர்ந்த மாதிரி.

நேர்மாறாக டொரொண்டோ. 2015 ஜனவரியில் ராண்டி கார்லைலை நீக்கும்போது மேப்பிள் லீஃப்ஸ் 21-16-3. வருடக்கணக்காக ஷாட்டுகளை வாங்கிக் குவித்த அணி என்பதால் நீக்கியதில் நியாயம் இருந்தது. இடைக்காலக் கோச் பீட்டர் ஹோராசெக் வந்ததும் ஷாட் பங்கு மேம்படவே செய்தது. ஆனால் ஷூட்டிங் சதவீதம் பாதாளத்துக்குப் போய், அவர் கணக்கு 9-28-5 என்று முடிந்தது. பலன் மோசம், முறை பழையதைவிட மோசமில்லை. பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு இது புரியவே புரியாது.

எவ்வளவு தற்செயல் கலந்திருக்கும் என்று ஒரு மதிப்பீடு வைத்துக்கொள்ளுங்கள். 20 ஆட்டத்தில் ஐவருக்கு ஐவரில் ஓர் அணி எதிர்கொள்வது சுமார் 480 ஷாட். உண்மையில் 92 சதவீதத் திறமையுள்ள கோல்கீப்பர், எந்தக் காரணமும் இல்லாமல், 91க்கும் கீழே போகலாம், 93க்கும் மேலே போகலாம், 1.2 சதவீதப் புள்ளி அளவுக்கு ஆட்டம் காண்பது சாதாரணம். அது 6 கோல். ஷூட்டிங் பக்கமும் அதே அளவு. ஷாட் முயற்சிப் பங்கும் 20 ஆட்டத்தில் ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்கும்தான், ஆனால் 48இலிருந்து 53க்குத் தாவினால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. 2015 டிசம்பரில் பிட்ஸ்பர்கில் மைக் சல்லிவன் வந்தபோது முதல் நான்கு ஆட்டமும் தோல்வி. ஆனால் அதன்பின் ஷாட் பங்கு கணிசமாக ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. அந்த சீசனே கோப்பை. அங்கும் ஒரு கழித்தல் உண்டு. அவர் வந்த சில வாரங்களில் ட்ரெவர் டேலியும் கார்ல் ஹேகலினும் டிரேடில் வந்தார்கள், துணை அணியிலிருந்து இளைஞர்கள் ஏறி வந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் நான் செய்வது, இரண்டு கோச்சுகளின் கீழும் ஆடியவர்களை மட்டும் தனியாக எடுத்து, அவர்கள் களத்தில் இருந்த நேரத்து எக்ஸ்ஜி பங்கு எப்படி மாறியது என்று பார்ப்பது.

கோச்சின் கைவண்ணம் தெரியும் இன்னொரு இடம், ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் நேரம். முன்னிலை பெற்றதும் எல்லா அணியும் கொஞ்சம் பின்வாங்கும், பின்தங்கியது கண்டபடி ஷாட் அடிக்கும். அதனால்தான் ஸ்கோருக்கு ஏற்பத் திருத்திய எண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள். நான் திருத்தியதைப் பார்த்துவிட்டுத் திருத்தாததையும் பிரித்துப் பார்ப்பேன். லீக் சராசரியைவிட ஓர் அணி அதிகமாக ஒடுங்கினால், அது பெரும்பாலும் கோச்சின் உத்தரவு. பக்கைச் சும்மா வெளியே தள்ளிவிட்டு ஆளை மாற்று, நீலக்கோட்டில் வரிசையாக நில் என்று அவர் சொல்லியிருக்கிறார். எந்த லைனுக்கு (சேர்ந்து இறங்கும் முன்கள மூவருக்கு) எவ்வளவு நேரம் என்பதும் அவர் கையில்தான். ஆள் மாற்றத்தில் கடைசி வாய்ப்பு சொந்த மைதான அணிக்கு. எதிரணியின் முதல் லைனுக்கு எதிராக யாரை இறக்குகிறார் என்பதைச் சொந்த மைதான ஆட்டங்களில் மட்டும் பாருங்கள், வெளியூரில் அந்த முடிவு முழுதாக அவருடையதல்ல.

பவர்பிளே (எதிரணியில் ஒருவர் பெனால்டியில் வெளியே உட்காரும் நேரம்) சதவீதத்தைக் கண்டு மயங்க வேண்டாம். சீசனுக்கு 250 வாய்ப்பு என்று வைத்தால், 22 சதவீத அணிக்கும் 17 சதவீத அணிக்கும் இடையிலான வித்தியாசம் வெறும் தற்செயலாலேயே வரக்கூடும். ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு எக்ஸ்ஜி உருவாகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் அதை நடத்துவது உதவிக் கோச் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓவர்டைமிலும் முடிவு வராதபோது ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை எதிர்கொள்ளும் ஷூட்அவுட்டின் கணக்கைத் தூக்கி எறிந்துவிடலாம். மேலே சொன்ன கிங்ஸ் 2014-15இல் வழக்கமான 60 நிமிடத்துக்குப் பிறகு, ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்ற ஆட்டங்கள் மட்டும் 15. எதிரணியின் கோல் ஆஃப்சைடு என்று கோச் கேட்கும் சேலஞ்ச் தோற்றால் இரண்டு நிமிடப் பெனால்டி என்று ஆனபிறகு அதிலும் கோச்சின் நிதானம் தெரியும், ஆனால் எண்ணிக்கை குறைவு, பெரிதாக எடுக்க வேண்டாம்.

கடைசியாக, நான் சொன்ன கழித்தலுக்கே எதிராக நிற்கும் ஓர் அணி. 2017-18இல் லீகிலேயே அதிக கோல் வாங்கியது நியூயார்க் ஐலண்டர்ஸ். பேரி ட்ரோட்ஸ் வந்தார். நட்சத்திரம் ஜான் டவாரஸ் அதே கோடையில் டொரொண்டோ போய்விட்டார். அடுத்த சீசனில் ஐலண்டர்ஸ் வாங்கிய கோல் சுமார் 100 குறைந்து, லீகிலேயே மிகக் குறைவு என்றானது. கோர்சி அப்போதும் 50க்குக் கீழே. ஷாட்டுகளை விட்டுக்கொடுத்தார்கள், ஆனால் கோலுக்கு முன்னாலிருக்கும் நடுப்பகுதியை விடவில்லை. கோர்சியில் தெரியாதது எக்ஸ்ஜியில் தெரிந்தது. அதையும் கழித்தபின் கோல்கீப்பர் பக்கம் இன்னும் நிறைய மிச்சம். தாமஸ் கிரைஸ், அதே ஆள், 89.2 சதவீதத்திலிருந்து 92.7க்கு ஏறினார். பஃபலோவிலிருந்து வந்த ராபின் லேனர் 90.8இலிருந்து 93.0. என் விதிப்படி இதெல்லாம் கோச் கணக்கில் வரக்கூடாது. ஆனால் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி தரும் மிட்ச் கோர்ன், பியரோ கிரெக்கோ இருவரும் ட்ரோட்ஸ் வந்த அதே கோடையில் வந்து சேர்ந்தவர்கள். அப்படியானால் யாருக்கு வரவு வைப்பது?

ஆள் மாறினாலும் எண் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. 2019இல் லேனர் போய் வர்லமோவ் வந்தார், கொலராடோவில் ராயைத் தூக்கிப் பிடித்த அதே வர்லமோவ். 2020-21இல் அவர் 92.9 சதவீதம். ஐலண்டர்ஸ் 2020, 2021 இரண்டிலும் பிளேஆஃபில் எஞ்சி நின்ற கடைசி நான்கு அணிகளில் ஒன்று. இப்படி மூன்று சீசன் தாண்டியும் நின்றால், கோச்சிடமிருந்து கழித்ததில் ஒரு பகுதியை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒரே சீசனை வைத்து, ட்ரோட்ஸுக்கே கூட, கொடுத்திருக்க மாட்டேன்.